புஷ் விமானத்துக்குப் பெரிய டயர்: எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவின் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து கார் ஓட்டிப் போக முடியாது. அதனால் அங்கே சின்ன விமானம் என்பது ஆடம்பரம் இல்லை, அன்றாடத் தேவை. ஆற்றங்கரைக் கூழாங்கல் திட்டு, மலை முகடு, பனிப்பாறை ஓரம், மேடும் பள்ளமுமான டன்ட்ரா நிலம் என்று ஓடுபாதையே இல்லாத இடங்களில் பைப்பர் சூப்பர் கப், செஸ்னா 180, 185, ஹஸ்கி போன்ற விமானங்கள் தினமும் இறங்குகின்றன. இவற்றைத்தான் புஷ் விமானம் என்கிறோம். இந்த இடங்களில் சாதாரணச் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டும், மணலில் புதையும், விமானம் மூக்கு குப்புற விழும். அதற்காகத்தான் 26, 29, 31, 35 அங்குலம் என்று உப்பிய டயர்கள் வந்தன. காற்றழுத்தம் ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ.யில் இருப்பதால் அவை கல்லின் மேல் மெத்தென்று படிந்து உருளும்.

டயரை வாங்கி மாட்டுவது அரை நாள் வேலைதான். அதைச் சட்டப்படி மாட்டியதாக ஆக்குவதில்தான் பலர் திணறுகிறார்கள். காரணம், “இந்த டயருக்கு ஒப்புதல் உண்டா?” என்று மட்டும் கேட்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அப்படித் தனியாக ஒரு டயரைப் பார்ப்பதில்லை. இந்த வரிசை எண் கொண்ட விமானத்தில், இந்தச் சக்கரம், இந்த பிரேக், இந்த லேண்டிங் கியர் (சக்கரத்தைத் தாங்கும் கால்), இந்த மொத்த எடை, ஏற்கெனவே செய்த இந்த மாற்றங்கள், இவை எல்லாவற்றோடும் சேர்த்து இந்த டயர் பாதுகாப்பானதா என்பதுதான் அங்கே கேள்வி. அதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகவே புரியும்.

இது அமெரிக்கப் பதிவு பெற்ற விமானங்களுக்கான வழிகாட்டி. உதாரணத்துக்குப் பெரும்பாலும் பி.ஏ.-18 சூப்பர் கப்பை எடுத்துக்கொள்கிறேன். பெரிய டயரோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் விமானம் அதுதான்.

படி 1: உங்கள் விமானம் எந்தச் சான்றில் பறக்கிறது?

விமானத்துக்குள் மாட்டியிருக்கும் ஏர்வொர்தினெஸ் (பறக்கும் தகுதி) சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் ‘ஸ்டாண்டர்டு’ என்று இருந்தால் இந்த வழிகாட்டி முழுக்க உங்களுக்குத்தான். ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்றால், அதாவது வீட்டில் கட்டிய கிட் விமானம் என்றால், பாதை வேறு. அதற்கு எஸ்.டி.சி.யும் (ஒரு மாற்றத்துக்கு எஃப்.ஏ.ஏ. தரும் சான்று, படி 5-இல் வருகிறது) ஃபார்ம் 337-உம் (பெரிய மாற்றத்தைப் பதியும் எஃப்.ஏ.ஏ. படிவம்) தேவையில்லை. ஆனால் விமானத்தோடு வந்த இயக்க வரம்புகள் ஆவணத்தில், பெரிய மாற்றம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். அதன்படி நடக்க வேண்டும். லைட் ஸ்போர்ட் விமானம் என்றால் பொதுவாகத் தயாரிப்பாளரைக் கேட்டு, அவருடைய எழுத்துமூல அனுமதி இருந்தால்தான் மாற்றலாம்.

பக்கத்து ஷெட்டில் நிற்கும் விமானமும் உங்களுடையதும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்று எக்ஸ்பெரிமென்டலாகவும் மற்றது ஸ்டாண்டர்டாகவும் இருக்கலாம். “அவர் மாட்டியிருக்கிறாரே” என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

படி 2: டேட்டா ஷீட்டை முதலில் படியுங்கள்

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வகைச் சான்றுத் தரவுத் தாள் உண்டு, டேட்டா ஷீட் என்பது இதுதான். சூப்பர் கப்புக்கு அதன் எண் 1ஏ2. செஸ்னா 180-க்கு 5ஏ6, 185-க்கு 3ஏ24, 170-க்கு ஏ-799. எஃப்.ஏ.ஏ.வின் டி.ஆர்.எஸ். இணையதளத்தில் இவை இலவசமாகக் கிடைக்கும்.

எஃப்.ஏ.ஏ. விதிப்புத்தகத்தின் பகுதி 43, பின்னிணைப்பு ஏ, எவையெல்லாம் பெரிய மாற்றம் என்று பட்டியல் போடுகிறது. லேண்டிங் கியர் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலின் தலையிலேயே ஒரு நிபந்தனை உண்டு: விமானத்தின் எஃப்.ஏ.ஏ. விவரக்குறிப்பில் ஏற்கெனவே இடம்பெறாத மாற்றங்கள்தான் பெரிய மாற்றம். ஆக, நீங்கள் விரும்பும் டயர் அளவு டேட்டா ஷீட்டிலேயே உங்கள் மாடலுக்கும் வரிசை எண்ணுக்கும் பொருந்துவதாக இருந்தால், வேலை மிகச் சுலபம். மெக்கானிக் மாட்டுவார், லாக்புக்கில் எழுதுவார், எடைக் கணக்கைத் திருத்துவார், முடிந்தது.

பல பழைய விமானங்களுக்கு 8.50-6 அளவு (சுமார் 22 அங்குல விட்டம்) வரை இப்படி வழி கிடைத்துவிடும். உங்களுக்கு அது போதுமா என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். புல்தரையும் நல்ல சரளை ஓடுபாதையும்தான் உங்கள் பயன்பாடு என்றால் 31 அங்குல டயர் தேவையே இல்லை. வேகம் குறையும், எடை கூடும், தார்ச் சாலை ஓடுபாதையில் மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். ஒரு ஜோடிக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும் பொருளைத் தாரில் தேய்ப்பதற்காக வாங்க வேண்டாம்.

படி 3: விமானத்தின் பழைய காகிதங்களை வரவழையுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான படியாகப் படுகிறது.

ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் உங்கள் விமானத்துக்கென ஒரு கோப்பு இருக்கிறது. அதுவரை பதிவான ஃபார்ம் 337 எல்லாம் அதில் இருக்கும். சிறு கட்டணம் கட்டி அதன் நகலை வாங்கலாம். வாங்கி, லாக்புக்கோடு ஒப்பிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

சூப்பர் கப்புகள் பல கைகள் மாறியவை. மூன்று அங்குலம் நீட்டிய கியர், கனமான பிரேக், பெரிய டெயில்வீல் (வால் சக்கரம்), நீளமான ப்ரொப்பெல்லர், மொத்த எடையை உயர்த்தும் மாற்றம் என்று ஒவ்வொரு உரிமையாளரும் ஒன்றைச் சேர்த்திருப்பார். இவற்றில் எது முறையாகப் பதிவானது, எது காகிதமே இல்லாமல் விமானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இப்போதே தெரிந்தாக வேண்டும். காகிதம் இல்லாத பழைய மாற்றத்தின் மேல் புதிய மாற்றத்துக்கு எந்த ஐ.ஏ.வும் (பரிசோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக்) கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

இன்னொரு நன்மையும் உண்டு. முந்தைய உரிமையாளர் காலத்திலேயே பெரிய டயருக்கு ஒப்புதல் வாங்கி, பிறகு விற்கும்போது சிறிய டயரை மாட்டிக் கொடுத்திருக்கலாம். அப்படியொரு 337 கோப்பில் கிடைத்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

படி 4: கருவிகளின் கணக்கைப் போடுங்கள்

காகித வேலைக்கு முன்னால் பொறியியல் யோசனை. விண்ணப்பத்தைப் பார்க்கப்போகும் ஆய்வாளர் கேட்கப்போவதும் இதைத்தான்.

பிரேக்கில் தொடங்குவோம். பிரேக் டிஸ்க்கில் கிடைக்கும் முறுக்கு விசை அப்படியே இருக்க, டயரின் ஆரம் கூடினால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை குறையும். 8.50-6 டயரின் விட்டம் சுமார் 22 அங்குலம். அதை 31 அங்குலமாக்கினால், அதே மிதிக்கு நிறுத்தும் விசை ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. பழைய ஒற்றைப் பிஸ்டன் பிரேக்கோடு இது சரிவராது. அதனால்தான் பெரிய டயரோடு இரட்டைப் பிஸ்டன் பிரேக்கையும் சேர்த்தே மாட்டுகிறார்கள். அந்த பிரேக்குக்கும் தனி ஒப்புதல் வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது பிரேக் பிடித்து நிற்கிறதா என்பதும் ஒரு சோதனை.

அடுத்தது வால்வு. அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்போது பிரேக் பிடித்தால், டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றும். சாதாரண டியூப் என்றால் வால்வுத் தண்டு அறுந்துபோகும். அலாஸ்கன் புஷ்வீல் டயர்களில் வால்வு ரிம்மில் இல்லாமல் டயரின் பக்கச்சுவரில் இருப்பது இதற்காகத்தான். டயர் வழுக்கினாலும் வால்வு அதோடு சேர்ந்தே நகரும். சாதாரண டயரை வாங்கி அழுத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லேண்டிங் கியரைப் பாருங்கள். சூப்பர் கப்பின் கியரில் அதிர்ச்சியைத் தாங்குவது பங்கீ ரப்பர் கயிறு. பெரிய டயர் வந்தால் தொங்கும் எடை கூடுகிறது, பக்கவாட்டு விசைக்கு நெம்புகோல் நீளமும் கூடுகிறது. பங்கீ அறுந்தால் கியர் விரிந்து விமானம் ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் தடுக்கப் பாதுகாப்புக் கேபிள் போடுவது அலாஸ்காவில் வழக்கம். பழைய மெல்லிய கியரில் துரு இருக்கிறதா, பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று டயர் மாட்டும் முன் பார்த்தே ஆக வேண்டும்.

மூக்குச் சக்கரம் உள்ள செஸ்னா 172, 182, 206 போன்றவற்றில் வேறொரு சிக்கல். பிரதான சக்கரங்களை மட்டும் பெரிதாக்கினால் மூக்கு தாழ்ந்துவிடும், ப்ரொப்பெல்லர் தரையை நெருங்கும். மூக்குச் சக்கர விமானத்துக்கு ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் குறைந்தது 7 அங்குலம் இடைவெளி வேண்டும் என்பது விதி. டெயில்வீல் விமானத்துக்கு 9 அங்குலம். அதனால் மூக்கிலும் பெரிய டயர் போட வேண்டியிருக்கும், அதற்கு அகலமான ஃபோர்க் (சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வேண்டும். ஆங்கரேஜில் உள்ள ஏர்கிளாஸ் போன்ற நிறுவனங்கள் அதற்கென்றே ஒப்புதல் பெற்ற கனரக ஃபோர்க் செய்கிறார்கள்.

டெயில்வீல் விமானத்தில் நிலைமை தலைகீழ். மூக்கு உயர்கிறது, ப்ரொப்பெல்லருக்கு இடம் கிடைக்கிறது. உடனே நீளமான ப்ரொப்பெல்லர் போடும் ஆசை வரும். அது தனி மாற்றம், தனி ஒப்புதல், அதற்கு இரைச்சல் விதியும் குறுக்கே வரலாம். இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காதீர்கள்.

கடைசியாகப் பறக்கும் தன்மை. பெரிய டயர் காற்றை எதிர்க்கும், வேகத்தைக் குறைக்கும், ஏறும் திறனையும் தொடும். பெரிய டயர் மாட்டிய சூப்பர் கப்புகள் விபத்துக்குள்ளான பின்னணியில், 1995-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி., இந்த டயர்கள் விமானம் கிளம்புவதையும் ஏறுவதையும் பயண வேகத்தையும், நேராகப் பறக்கும்போதும் திரும்பும்போதும் ஸ்டால் ஆவதையும் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) எப்படிப் பாதிக்கின்றன என்று பறந்து சோதிக்கும்படி எஃப்.ஏ.ஏ.வுக்குப் பரிந்துரைத்தது. தரையில் ஏதோ ஒரு விலங்கைப் பார்த்துக்கொண்டே தாழ்வாக, மெதுவாக வட்டமடிக்கும் பழக்கம் புஷ் விமானிகளுக்கு உண்டு. அங்கே ஸ்டால் ஆனால் மீளும் உயரம் இருக்காது. டயர் விஷயத்தில் இவ்வளவு காகிதமா என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

படி 5: எஸ்.டி.சி. இருக்கிறதா என்று தேடுங்கள்

எஸ்.டி.சி. என்பது, ஒருவர் ஏற்கெனவே பொறியியல் தரவு கொடுத்து, சோதனை காட்டி, குறிப்பிட்ட மாடல்களுக்கு ஒரு மாற்றத்தைச் செய்யலாம் என்று எஃப்.ஏ.ஏ.விடம் வாங்கிவைத்திருக்கும் சான்று. இருப்பதில் நேரான பாதை இதுதான். அலாஸ்கன் புஷ்வீல் டயர்களுக்கு இப்படிச் சான்று இருக்கிறது. பல மாடல்களை ஒரே சான்றில் அடக்கும் மாடல் பட்டியல் வைத்த எஸ்.டி.சி.களும் உண்டு.

பட்டியலைப் பார்க்கும்போது விமானத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வரிசை எண்கள், எந்த டயர் அளவு, எந்தச் சக்கர மாடல், எந்த பிரேக், எவ்வளவு மொத்த எடை வரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். பி.ஏ.-18-150 தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் மொத்த எடை 1,750 பவுண்டு. உங்கள் விமானத்தில் எடையை உயர்த்தும் வேறொரு எஸ்.டி.சி. இருந்தால், டயர் சான்று அந்தக் கூடுதல் எடையையும் தாங்குமா என்று சரிபார்க்க வேண்டும்.

இதோடு தொடர்புள்ள ஒரு வரி, கிட்டத்தட்ட எல்லா எஸ்.டி.சி.யிலும் அச்சாகியிருக்கும்: ஏற்கெனவே செய்த மாற்றங்களோடு இந்த மாற்றம் ஒத்துப்போகிறதா என்று தீர்மானிப்பது மாட்டுபவரின் பொறுப்பு. அதாவது ஐந்து எஸ்.டி.சி. தனித்தனியாகச் சரி என்பதால், ஐந்தும் சேர்ந்தால் சரி என்று எஃப்.ஏ.ஏ. சொல்லவில்லை. படி 3-இல் கோப்பைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்தத் தீர்மானத்தை எப்படி எடுத்தீர்கள் என்று இரண்டு வரியாவது 337-இல் எழுதச் சொல்லி ஐ.ஏ.விடம் கேளுங்கள்.

அப்புறம் அனுமதிக் கடிதம். விதி 91.403, பத்தி டி-யின்படி, எஸ்.டி.சி. வைத்திருப்பவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைக் கொண்டு விமானத்தை மாற்றக்கூடாது. புதிய டயர் வாங்கும்போது விற்பவரே அனுமதிக் கடிதத்தையும் வரைபடங்களையும் பராமரிப்பு வழிமுறைகளையும் ஒரே கட்டாகக் கொடுப்பார். கடிதத்தில் உங்கள் விமானத்தின் பதிவு எண்ணும் வரிசை எண்ணும் இருப்பது நல்லது.

பழைய டயர் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இன்னொரு விமானத்திலிருந்து கழற்றிய டயரோடு அந்த விமானத்தின் அனுமதி உங்களுக்கு வராது. டயர் கைமாறியது, அனுமதி கைமாறவில்லை. பணம் கொடுக்கும் முன்பே எஸ்.டி.சி. நிறுவனத்தைக் கேட்டு, உங்கள் விமானத்துக்குத் தனிக் கடிதம் கொடுப்பார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: எஸ்.டி.சி. இல்லையென்றால் ஃபீல்டு அப்ரூவல்

உங்கள் மாடலுக்குச் சான்று இல்லை, அல்லது சான்றில் சொல்லியிருக்கும் சக்கரம் உங்களிடம் இல்லை. அப்போது எஃப்.ஏ.ஏ.வின் உள்ளூர் அலுவலகத்தில், அதாவது எஃப்.எஸ்.டி.ஓ.வில், உங்கள் ஒரு விமானத்துக்கு மட்டும் ஒப்புதல் கேட்கலாம். அலாஸ்காவில் ஆங்கரேஜிலும் ஃபேர்பேங்க்ஸிலும் அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே உள்ள ஏர்வொர்தினெஸ் ஆய்வாளர் தரவைப் பார்த்துத் திருப்தியானால், ஃபார்ம் 337-இன் 3-ஆம் கட்டத்தில் கையெழுத்திடுவார். இந்த நடைமுறையை விளக்கும் எஃப்.ஏ.ஏ. வழிகாட்டுச் சுற்றறிக்கை ஏ.சி. 43-210. விண்ணப்பிக்கும் முன் அதை ஒரு முறை முழுக்கப் படியுங்கள், நீளமானது இல்லை.

முதல் விதி: வேலையைத் தொடங்கும் முன் கேளுங்கள். டயரை வாங்கி, மாட்டி, பறந்துவிட்டு ஒப்புதலுக்குப் போவது எல்லோருக்கும் தொல்லை. ஆய்வாளர் மறுத்தால் பணமும் போகும், விமானமும் சட்டவிரோத நிலையில் நிற்கும்.

இரண்டாவது: ஃபீல்டு அப்ரூவல் ஓர் உரிமை இல்லை. ஆய்வாளரின் அனுபவத்தையும் மாற்றத்தின் தன்மையையும் பொறுத்தது. பறக்கும் தன்மையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றும், சோதனைப் பறப்பு இல்லாமல் தீர்மானிக்க முடியாத மாற்றம் என்று அவர் கருதினால், பொறியியல் பிரிவைக் கேட்பார், அல்லது எஸ்.டி.சி. பாதைக்குப் போகச் சொல்வார். 26 அங்குல டயருக்கும் 35 அங்குல டயருக்கும் ஒரே பதில் வராது.

என்ன கொண்டுபோக வேண்டும்? பாதி நிரப்பிய படிவத்தோடு போய், “என்ன செய்யலாம் சொல்லுங்கள்” என்று நிற்காதீர்கள். நிரப்பிய 337-ஐக் கொண்டுபோங்கள். அதன் 8-ஆம் கட்டம்தான் உயிர். என்ன கழற்றப்படுகிறது, என்ன மாட்டப்படுகிறது, பாக எண்கள், டயரின் சுமைத் தாங்கு திறன், சக்கரமும் பிரேக்கும் எவை, அழுத்தம் எவ்வளவு, ஃபியூசலேஜோடும் (விமான உடல்) ஸ்ட்ரட்டோடும் (தாங்கு கம்பி) பிரேக் குழாயோடும் எவ்வளவு இடைவெளி, ப்ரொப்பெல்லருக்குத் தரையிலிருந்து எவ்வளவு, எடையும் ஈர்ப்பு மையமும் எப்படி மாறுகின்றன என்று தெளிவாக எழுத வேண்டும். அடுத்து வருபவர் இதைப் படித்தே அதே வேலையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். அளவுகளோடு ஒரு வரைபடம், சில புகைப்படங்கள் இருந்தால் ஆய்வாளரின் பாதிச் சந்தேகம் தீரும்.

மூன்றாவது: முன்னுதாரணம் தேடுங்கள். அதே மாடலில், அதே டயருக்கு வேறொரு விமானத்தில் ஒப்புதலான 337-இன் நகலைப் பெரிய டயர் மாட்டிப் பழகிய மெக்கானிக்குகள் வைத்திருப்பார்கள். ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நகல் உங்களுக்கு ஒப்புதல் ஆகாது. 1955 அக்டோபர் 1-க்கு முன் எஃப்.ஏ.ஏ.வின் முன்னோடி அமைப்பு ஒப்புதல் தந்த 337-களுக்குத்தான், ஒத்த விமானத்தில் அப்படியே ஒப்புதல் பெற்ற தரவாகப் பயன்படும் தகுதி உண்டு. அதற்குப் பிந்தையவை ஆய்வாளரைத் தீர்மானிக்க வைக்க உதவும் ஆதாரம் மட்டுமே. ஆனால் நல்ல ஆதாரம்.

நான்காவது: பராமரிப்பு வழிமுறை. ஃபீல்டு அப்ரூவலோடு தொடர் பராமரிப்பு வழிமுறை ஆவணமும் கேட்பார்கள். 16 தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு: மாற்றத்தின் விவரம், பராமரிக்கும் முறை, பழுது கண்டுபிடிக்கும் முறை, கழற்றி மாட்டும் முறை, சிறப்புப் பரிசோதனைகள், கட்டாய வரம்புகள் என்று போகும். பொருந்தாத தலைப்புக்கு ‘பொருந்தாது’ என்று எழுதலாம், காலியாக விடக்கூடாது. டயர் அழுத்தத்தை எப்போது பார்ப்பது, பக்கச்சுவரில் எந்த அளவு வெடிப்பு வந்தால் மாற்றுவது, கடினமான இறக்கத்துக்குப் பிறகு கியரில் எதைப் பார்ப்பது என்று நிஜமாகப் பயன்படும்படி எழுதுங்கள். அடுத்த வருடாந்திரப் பரிசோதனையில் இதைத்தான் கையில் எடுப்பார்கள்.

எப்போது விண்ணப்பிப்பது? குளிர்காலத்தில். விமானம் ஸ்கீயில் நிற்கும் மாதங்களில் டயருக்கு அவசரம் இல்லை. டால் ஆட்டு வேட்டைப் பருவம் ஆகஸ்ட் 10-இல் தொடங்குகிறது என்று ஜூலையில் ஓடிவருபவர்கள் எல்லோரும் ஒரே ஆய்வாளரின் மேசையில்தான் வந்து நிற்பார்கள்.

படி 7: இடையில் ஒரு பாதை

ஆய்வாளர் தயங்கினால், எஃப்.ஏ.ஏ. நியமித்த தனியார் பொறியாளரான டி.ஈ.ஆர். ஒருவரை அமர்த்தலாம். அவர் தன் அதிகார எல்லைக்குள் கட்டமைப்புக் கணக்குகளைச் சரிபார்த்து 8110-3 படிவத்தில் கையெழுத்திட்டால், அந்தத் தரவு ஒப்புதல் பெற்றதாகிவிடும். செலவு ஆகும். மாற்றத்தின் எல்லாப் பக்கத்தையும் அவருடைய தரவு மூடுகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கியரின் வலிமையை மட்டும் மூடிவிட்டு, பிரேக்கும் பறக்கும் தன்மையும் திறந்து கிடந்தால் பயனில்லை.

சொந்தமாக எஸ்.டி.சி.க்கு விண்ணப்பிக்க 8110-12 படிவம் இருக்கிறது. ஒரே ஒரு விமானத்துக்காக அந்த வேலையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே மாடல் பல விமானங்களில் ஓடுகிறது, டயரை விற்கும் எண்ணமும் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

படி 8: மாட்டுவது, எடை போடுவது, கையெழுத்து

ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின்) உரிமம் உள்ள மெக்கானிக் வேலையைச் செய்து 337-இன் 6-ஆம் கட்டத்தில் கையெழுத்திடுவார். பெரிய மாற்றம் என்பதால், பரிசோதனை அதிகாரம் பெற்ற ஐ.ஏ. சரிபார்த்து 7-ஆம் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். எஸ்.டி.சி. பாதையில் 3-ஆம் கட்டம் காலியாகவே இருக்கும். சான்றே ஒப்புதல் பெற்ற தரவு என்பதால் அங்கே ஆய்வாளரின் கையெழுத்து தேவையில்லை.

எடைக் கணக்கைக் கூட்டல் கழித்தலில் முடிக்கலாம் என்றாலும், பல மாற்றங்கள் கண்ட விமானம் என்றால் தராசில் ஏற்றிவிடுவது நல்லது. டெயில்வீல் விமானத்தில் பிரதான சக்கரம் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால் கனமான டயர் மையத்தை முன்னே இழுக்கும், பெரிய டெயில்வீல் பின்னே இழுக்கும். டேட்டா ஷீட் சொல்லும் இடத்தில் மட்டம் வைத்து, அதே நிலையில் எடை போடுங்கள். பெரிய டயரில் விமானம் வேறு கோணத்தில் நிற்பதால், மட்டமாக்காமல் எடுத்த எண்கள் தவறாக இருக்கும். கருவிப் பட்டியலையும் திருத்துங்கள். எஸ்.டி.சி.யோடு பறத்தல் கையேட்டுக்கு இணைப்புத் தாள் வந்திருந்தால் அது விமானத்துக்குள் இருக்க வேண்டும்.

337-இன் ஒரு நகல் உங்களுக்கு. இன்னொன்று, விமானம் சேவைக்குத் திரும்பலாம் என்று கையெழுத்தான 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா சிட்டிக்குப் போக வேண்டும். அனுப்பியதை நீங்களே உறுதி செய்யுங்கள். மேசை இழுப்பறையில் தூங்கிய 337, பல வருடம் கழித்து விமானத்தை விற்கும்போது பெரிய தலைவலியாக வரும்.

படி 9: முதல் பறப்பு

பறக்கும் தன்மையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றக்கூடிய வேலை நடந்திருந்தால், குறைந்தது பிரைவேட் பைலட் உரிமம் உள்ள தகுதியான விமானி ஒருவர் பறந்து சோதித்து, அதை விமானத்தின் பதிவேட்டில் எழுதும் வரை பயணிகளை ஏற்றக்கூடாது. விதி 91.407 இதைச் சொல்கிறது. பெரிய டயருக்கு இது பொருந்துமா என்று வாதாடுவதைவிட, அந்தப் பறப்பைச் செய்துவிடுவது எளிது.

நீளமான ஓடுபாதையில், காற்று குறைந்த காலையில் செய்யுங்கள். முதலில் தரையில் பிரேக். பிறகு போதிய உயரத்தில் மெதுவான பறப்பு, நேராகவும் திரும்பும்போதும் ஸ்டால், ஏறும் வேகம், பயண வேகம். எண்களை எழுதிவையுங்கள். புதிய பயண வேகத்தில் எரிபொருள் எவ்வளவு தூரத்துக்கு வரும் என்று மறுபடி கணக்கிடாமல் தொலைதூரம் போகாதீர்கள். வழியில் பெட்ரோல் கிடைக்காத ஊரில் இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. தார் ஓடுபாதையில் இறங்கும்போது மென்மையான ரப்பர் வலுவாகப் பிடிக்கும். பிரேக்கைத் திடீரென மிதித்தால் வால் தூக்கும், சற்றுப் பக்கவாட்டில் இறங்கினாலே விமானம் சுழன்றுவிடப் பார்க்கும்.

அதன் பிறகு

குளிர்காலத்தில் ஸ்கீ, கோடையில் மிதவை, நடுவில் டயர் என்று மாற்றுபவர்கள், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி எடைத் தாள் வைத்திருக்க வேண்டும். முதல் முறை ஒப்புதலான பிறகு அதே பொருளைக் கழற்றி மாட்டுவதற்கு ஒவ்வொரு முறையும் புதிய 337 வேண்டாம், லாக்புக் பதிவு போதும். ஆனால் இடையில் பிரேக்கையோ கியரையோ வேறொன்றாக மாற்றினால், பழைய டயர் ஒப்புதல் அந்தச் சேர்க்கைக்குப் பொருந்துமா என்று திரும்பவும் பார்க்க வேண்டும்.

கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் பகுதி 135 நிறுவனம் என்றால், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட எஃப்.ஏ.ஏ. பராமரிப்பு ஆய்வாளரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

பெரிய மாற்றத்துக்கான 337-களை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்து, விற்கும்போது விமானத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி 91.417 சொல்கிறது. அந்த உறையிலேயே எஸ்.டி.சி. அனுமதிக் கடிதம், பராமரிப்பு வழிமுறை, எடைத் தாள்கள், சோதனைப் பறப்பில் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள். வாங்குபவர் அனுப்பும் மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அந்த உறையைத்தான்.